குறிப்பறிதலும் குறிப்பெழுதுதலும்

1

தமிழிலே 'குறிப்பு' என்னும் சொல் இரு பொருள் உடையது. ஒருவர் வாய்விட்டு உரையாத உள்ளக் கருத்து முகத்திலும் மொழியிலும் வெளிப்படுவதைக் குறிப்பு என்கிறோம். மறந்துவிடாதிருத்தற்பொருட்டு எழுதி வைப்பதையும் குறிப்பு என்கிறோம். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71 ஆம் அதிகாரம் பொருட்பாலின் அமைச்சியலிலும், 110 ஆம் அதிகாரம் காமத்துப்பாலிலும் இடம்பெறுகின்றன. அரசவை, காதல் என்ற இருவேறு உலகங்களுக்கும் ஒரே ஆற்றல் வேண்டப்படுகின்றது. எதிரே நிற்பவரின் சொல்லப்படாத நிலையை உணரும் ஆற்றலே அது. ஆசிரியத் தொழிலும் இவ்வாற்றலை வேண்டி நிற்பது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்று எமது பல்கலைக்கழகங்களில் இவ்விரு குறிப்புகளுக்கும் இடையிலான உறவு மாறி வருகின்றது. தமிழிலோ சிங்களத்திலோ பள்ளிக் கல்வியை முடித்து வருவோருக்கான ஆங்கில மொழி வகுப்புகள், பின்தங்கியோருக்கான மேலதிகப் பயிற்சி, உளவள ஆலோசனை, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள், உதவிப்பணம், தொழில் வழிகாட்டல் ஆகியன மாணவர் ஆதரவுச் சேவைகள் என்னும் பொதுப்பெயரால் வழங்குகின்றன. இவற்றை நாடி யார் வந்தார், எப்பொழுது வந்தார், எதன்பொருட்டு வந்தார், என்ன கூறப்பட்டது என்பவற்றையெல்லாம் கணனியிற் பதிந்து வைக்கும் முறைமைகள் உலகெங்கும் பரவியுள்ளன. எமது நாட்டிலும் மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் விரிவுரைகள் இணையவழிக்கு மாறியதோடு, மாணவர் ஒருவர் எந்நேரத்தில் பாடப் பக்கத்தைத் திறந்தார், எவ்வளவு நேரம் அங்கிருந்தார் என்பனகூடத் தாமாகவே பதிவாயின.

இவ்வாறு பதிவு செய்வது வெறும் அலுவலக நடைமுறைதானா? அன்றி அதிலே அறம் சார்ந்த வினா ஒன்று உண்டா? உண்டெனின் அவ்வினா யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிற் பதிவின் பக்கமுள்ள நியாயத்தை நோக்குவோம். பதிவேடு என்றதும் கண்காணிப்பு என்று அஞ்சுவோர், பதிவின்மையால் விளையும் கேட்டினை எண்ணிப் பார்ப்பதில்லை.

நான் மாணவ ஆலோசகராகப் பணியாற்றிய காலத்தில், தொலைதூரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாணவர் ஒருவர் என்னை நாடி வந்தார். ஆங்கிலத்தில் நடைபெறும் விரிவுரைகளைப் பின்தொடர முடியாமை, வீட்டு வறுமை, உறக்கமின்மை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அவரை அமிழ்த்திக்கொண்டிருந்தன. அவர் தமது கதையை என்னிடம் கூறுவதற்கு முன்னர் ஆங்கில விரிவுரையாளரிடம் ஒருமுறையும், விடுதிப் பொறுப்பாளரிடம் ஒருமுறையும், வைத்திய அதிகாரியிடம் ஒருமுறையும் கூறியிருந்தார். நால்வரும் பரிவோடு கேட்டோம்; நால்வரும் எம்மால் இயன்றதைச் செய்தோம். ஆயின் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொருவர் முன்னிலையிலும் அவர் தமது இயலாமையைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. ஐந்தாம் முறை அவர் எவரிடமும் செல்லவில்லை; படிப்பை விட்டு ஊருக்குச் சென்றுவிட்டார். அவர் சென்ற பின்னரே நால்வரும் ஒரே மேசையிலிருந்து பேசினோம். தனித்தனியே நோக்கின் எம்முள் எவரும் தவறிழைக்கவில்லை. ஆனால் நிறுவனம் தவறிழைத்தது. மறதியே அதன் தவறு.

நினைவாற்றல் தனிமனிதருக்கு ஒரு நற்பண்பு. நிறுவனத்துக்கோ ஏடுதான் நினைவு. வேறு நினைவு அதற்கில்லை. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் மாணவர் தொகை ஆயிரத்தை எட்டவில்லை. அத்தகைய சிறு சமூகத்தில் ஆசிரியர் மாணவரைப் பெயராலும் முகத்தாலும் அறிந்திருத்தல் இயல்பாக இருந்திருக்கும். 1945 இன் இலவசக் கல்வியும் பின்னர் தாய்மொழிக் கல்வியும் பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டன. மாணவர் தொகை பெருகப் பெருக, முகமறிந்து உதவும் பழைய முறை மட்டும் போதாதாயிற்று. ஆகவே பதிவு முறைமையை எதிர்ப்போர், தம்மை அறியாமலே, ஆசிரியரை வீட்டில் சென்று காணும் துணிவும் பழக்கமும் உடைய சிலருக்கே உதவி கிட்டும் ஒரு நிலையை ஆதரிப்போர் ஆகிவிடுகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அமெரிக்காவின் அற்லாண்டா நகரிலுள்ள ஜோர்ஜியா அரசுப் பல்கலைக்கழகம் இவ்விடத்து எடுத்துக்காட்டத்தக்கது. 2012 முதல் அங்கு ஒவ்வொரு மாணவர் பற்றியும் 800 க்கும் மேற்பட்ட இடர்க் குறிகளைக் கணனி நாள்தோறும் ஆராய்ந்து, இடறக்கூடியவர் எனத் தோன்றுவோரை ஆலோசகருக்கு உணர்த்துகின்றது. 2003 இல் அங்கு ஆறாண்டுக்குள் பட்டம் பெற்றோர் மூவரில் ஒருவர் அளவினராகவே இருந்தனர் எனக் கணக்கிடப்பட்ட நிலை மாறி, பத்தாண்டு கழிந்தபின் அத்தொகை பாதியைத் தாண்டியது. வறிய குடும்பத்தினரும் கறுப்பின மாணவரும் ஏனையோரோடு ஒத்த அளவில் பட்டம் பெறும் நிலையும் ஏற்பட்டது. இம்முன்னேற்றம் முழுவதும் கணனியால் விளைந்ததன்று. புதிய ஆலோசகர் பலர் நியமிக்கப்பட்டனர். சிறு தொகைக் கட்டணம் செலுத்த முடியாமல் வெளியேறும் தறுவாயில் நின்றோருக்கு அத்தொகை வழங்கப்பட்டது. குறி கண்டு ஓடிச் செல்லும் மனிதர் இருந்தமையாலேயே குறிக்குப் பயன் உண்டாயிற்று. எனினும் பதிவு இல்லையேல் அம்மனிதர் யாரிடம் ஓடுவது என்பதை அறிந்திரார்.

3

இனி மறுபக்கத்தை நோக்குவோம்.

அதே அமெரிக்காவில், மேரிலண்ட் மாநிலத்திலுள்ள மவுண்ட் சென்ற் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் 2015 இல் புதிய மாணவருக்கு வினாக்கொத்து ஒன்று வழங்கப்பட்டது. தம்மைத் தாமே அறிந்துகொள்ள உதவும் கருவி என அது அறிமுகம் செய்யப்பட்டது. மனச்சோர்வு, பணநெருக்கடி முதலியவை பற்றிய வினாக்களும் அதிலே இருந்தன. ஆயின் மாணவர் தொகை மேலிடத்துக்கு அறிவிக்கப்படும் நாளுக்கு முன்னரே 20 முதல் 25 வரையான மாணவரை வெளியேறச் செய்தால், படிப்பைத் தொடர்வோர் வீதம் உயர்ந்து காணப்படும் என்பது அதன் தலைவரின் எண்ணமாக இருந்தது. வெளியேறக்கூடியவரை இனங்காண இவ்விடைகள் உதவும் எனக் கருதப்பட்டது. ஆசிரியர் சிலர் உடன்படாமையால் அத்திட்டம் நிறைவேறவில்லை. 2016 சனவரியில் மாணவர் பத்திரிகை இதனை வெளிக்கொணர்ந்தது. அடுத்த மாத இறுதியில் தலைவர் பதவி விலகினார்.

மேற்கூறிய இரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குதல் பயனுடையது. இரண்டிலும் திரட்டப்பட்டது ஒரே வகைத் தகவல்: யார் இடறக்கூடும்? ஓரிடத்தில் அவ்விடை கைகொடுக்கப் பயன்பட்டது. மற்றோரிடத்தில் கைவிடப் பயன்படவிருந்தது. தகவலில் வேறுபாடு இல்லை. வேறுபாடு வினாவிலேயே இருந்தது. 'இவருக்கு நாம் என்ன செய்ய வேண்டும்?' என்பது ஒரு வினா. 'இவரால் எமக்கு என்ன நேரும்?' என்பது வேறு வினா. மனிதரை வேறொன்றுக்கான கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது, அவரைத் தம்மளவிலே நோக்கமாகவும் கொள்ள வேண்டும் என்று கான்ற் வகுத்த நெறி இவ்விரு வினாக்களுக்கும் இடையே உள்ள பிளவைத்தான் சுட்டுகின்றது.

இப்பிளவை எனக்கு உணர்த்தியவர் மெய்யியலாளர் அல்லர், ஒரு மாணவி. என்னிடம் வந்த அவரது கோவையிலே, முன்னர் எவரோ எழுதிய 'ஊக்கமற்றவர்' என்ற ஒரு சொல் இருந்தது. அவரைக் காண்பதற்கு முன்னர் அச்சொல்லை நான் கண்டேன். உண்மையில் அவர் நோயுற்ற தாயாரைப் பார்க்கும்பொருட்டு வாரந்தோறும் நெடுந்தூரம் பயணஞ் செய்துகொண்டிருந்தார் என்பதை அறிய எனக்கு இரண்டு மாதங்கள் சென்றன. அந்த இரண்டு மாதமும் நான் அவரைக் காணவில்லை, அச்சொல்லையே கண்டுகொண்டிருந்தேன். ஒருநாள் அவர் பேசத் தொடங்கி, நான் எழுதுகோலை எடுத்ததும் நிறுத்தி, ''நான் இப்போது சொல்வது எங்கே போகும், சேர்?'' என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவர் அன்று மேற்கொண்டு பேசவுமில்லை.

எழுத்தின் இவ்வியல்பைப் பிளேட்டோ 'பீட்ரஸ்' என்னும் உரையாடலில் முன்னரே ஆராய்ந்துள்ளார். எழுத்து நினைவை வளர்க்காது, மறதியையே வளர்க்கும் என எகிப்திய மன்னன் ஒருவன் கூறியதாக வரும் பகுதியையே பலரும் எடுத்துக்காட்டுவர். அதனை அடுத்துச் சோக்கிரதீஸ் கூறுவது எமது பொருளுக்கு மேலும் நெருக்கமானது. எழுதப்பட்ட சொல் எங்கும் திரியும். யாரிடம் பேசலாம், யாரிடம் பேசலாகாது என்பதை அது அறியாது. தவறாகக் கொள்ளப்படும்போது தன்னைக் காத்துக்கொள்ளவும் அதனால் இயலாது என்பதே அவர் கருத்து. இரும்புப் பெட்டியிற் கிடந்த கோவை மெல்லத் திரிந்தது. கணனியிற் பதிந்த குறிப்பு ஒரு கணத்தில் எத்தனை மேசைக்கும் செல்லும்.

மாணவரை வகைப்படுத்துவது புதியதன்று என்று ஒருவர் கூறலாம். 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பாயிரம் அன்னமும் பசுவும் போன்றோரைத் தலைமாணாக்கர் என்றும், மண்ணும் கிளியும் போன்றோரை இடைமாணாக்கர் என்றும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றோரைக் கடைமாணாக்கர் என்றும் வகுத்துள்ளது. உண்மையே. ஆனால் பவணந்தியார் வகுத்தது வகைகளை. அவர் எவரது பெயருக்கு எதிரிலும் 'ஓட்டைக் குடம்' என எழுதி வைக்கவில்லை. அவ்வுவமைகளைப் படிக்கும் மாணவன் தான் எது என்று தன்னையே கேட்டுக்கொள்ளலாம். இன்று கிளியாக இருப்பவன் நாளை அன்னமாகவும் முயலலாம். பெயரோடு பிணைக்கப்பட்ட பதிவு அவ்வாய்ப்பைக் குறைக்கின்றது. உவமை தன்னை நோக்கித் திரும்பச் செய்கிறது. முத்திரை பிறரை நோக்கித் திருப்பிக் காட்டுகிறது.

4

பதிவின்மையும் தீங்கு, பதிவும் தீங்கு என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. ஆயின் அது விடையாகாது. பிரச்சினை பதிவு செய்வதா இல்லையா என்பதிலன்று, எதனைப் பதிவு செய்வது என்பதிலேயே உள்ளது என்பது என் கருத்து. நாம் பதிவு செய்யப் புகுந்தது ஆதரவுச் சேவையை. ஆனால் எழுதத் தொடங்கியதும் எமது கை மாணவரைப் பதிவு செய்கின்றது. இந்நழுவலிலேதான் அறப்பிழை தோன்றுகின்றது.

ஓர் உதாரணம் இதனைத் தெளிவாக்கும். 'இம்மாணவர் ஆங்கிலத்தில் மிகவும் பலவீனமானவர்' என்பது ஒருவகைப் பதிவு. 'இம்மாணவர் மூன்று முறை ஆங்கிலப் பயிற்சி கோரினார். இரண்டு முறை வழங்கப்பட்டது. மூன்றாம் முறை விரிவுரையாளர் இன்மையால் வழங்கப்படவில்லை' என்பது மற்றொரு வகைப் பதிவு. முன்னது மாணவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றது. பின்னது எம்மை நிறுத்துகின்றது. முன்னதை வாசிக்கும் அடுத்த ஆலோசகர் ஒரு தீர்ப்பைப் பெறுகிறார். பின்னதை வாசிப்பவர் முடிவுறாத ஒரு கடமையைப் பெறுகிறார். மேலே கூறிய நால்வரிடமும் பின்னதன் வகைப் பதிவு ஒன்று இருந்திருப்பின், அம்மாணவர் ஐந்தாம் கதவைத் தட்ட வேண்டி வந்திராது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். சேவையை மட்டும் எழுதி, மாணவரின் நிலையை எழுதாவிடின் தொடர்ச்சி எங்ஙனம் கிட்டும்? பார்வைக் குறைபாடு உடையவர் என்பதை எழுதாமல் அவருக்கு ஏற்ற வினாத்தாள் தயாரிப்பது எவ்வாறு? இத்தடை நியாயமானது. மாணவரின் நிலையையும் சில வேளை எழுதத்தான் வேண்டும். ஆனால் அவ்வாறு எழுதப்படுவது எமது உடைமையன்று. எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அடைக்கலப் பொருளைக் காப்பவருக்கு அதனைப் பேணும் கடமை உண்டு, பயன்கொள்ளும் உரிமை இல்லை. எந்நோக்கத்துக்காக ஒப்படைக்கப்பட்டதோ அதற்கன்றி வேறொன்றுக்கு எடுத்தாளுதல் நம்பிக்கைத் துரோகமாகும். ஒப்படைத்தவர் கேட்கும்போது காட்டவும், பிழையெனில் திருத்தவும், தேவை தீர்ந்தபின் விட்டுவிடவும் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தம்மைப் பற்றிய தரவைக் காணுதல், திருத்துவித்தல், அழிப்பித்தல், இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கோருதல் ஆகிய உரிமைகளை வகுத்துள்ளது. சட்டம் இவற்றை உரிமை என்னும். அறநூலார் அடைக்கலம் என்பர். பொருள் ஒன்றே.

அமெரிக்காவில் மாணவர் கல்விப் பதிவுகள் பற்றி 1974 இல் இயற்றப்பட்ட சட்டத்தில் நுட்பமான வேறுபாடு ஒன்று காணப்படுகின்றது. ஆசிரியர் ஒருவர் தமது நினைவுக்காக மட்டும் எழுதி, தமக்குப் பதிலாகத் தற்காலிகமாகப் பணியாற்றுபவர் தவிர வேறெவருக்கும் காட்டாது தம்மிடமே வைத்திருக்கும் குறிப்பு, கல்விப் பதிவாகக் கொள்ளப்படுவதில்லை. அக்குறிப்பு பிறர் கைக்குச் சென்றதும் நிலை மாறிவிடும். நினைவின் நீட்சியாக இருக்கும் எழுத்துக்கும் நிறுவனத்தின் சாட்சியமாக மாறிவிடும் எழுத்துக்கும் இடையே எல்லை உண்டு என்பதை அச்சட்டம் உணர்ந்திருக்கின்றது. எமது நாட்டில் இவ்வெல்லை மேலும் கூர்ந்து நோக்கப்பட வேண்டும். ஏனெனில் பல இடங்களில் மாணவரின் துயர் கேட்பவரும், ஒழுக்காற்று விசாரணையிற் பங்கு கொள்பவரும் ஒருவராகவே இருக்க நேர்கின்றது. காலையில் அடைக்கலம் பெற்றவர் மாலையில் அதனையே சான்றாகக் கொண்டு தீர்ப்புக் கூறும் நிலை ஏற்படலாகாது.

மறதி பற்றியும் ஒரு சொல். ஏட்டுச்சுவடிகள் செல்லரித்து அழிவதைக் கண்டு வருந்திய சி. வை. தாமோதரம்பிள்ளை அவற்றைத் தேடி அச்சேற்றினார். அவருக்குத் தமிழுலகம் கடன்பட்டுள்ளது. இலக்கியத்தைக் கறையான் அரிப்பது பேரிழப்பே. ஆனால் பத்தொன்பது வயதில் ஒருவர் தமது பலவீனத்தை எடுத்துக்கூறிய தாளைக் கறையான் அரிப்பது இழப்பன்று. பழைய கோவைகள் தாமாகவே மறைந்தன. அதனால் இளமையின் தடுமாற்றம் முதுமைவரை தொடரவில்லை. கணனிக்குக் கறையான் இல்லை. முன்னர் இயற்கை செய்துவந்த பணியை இனி நாம் அறிந்து, திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருக்கின்றது. எதனை எப்போது அழிப்பது என்று கூறாத பதிவு முறைமை அரைகுறையானது.

5

இவ்வளவு கூறியபின், எமது நடைமுறையில் மிகப் பரவலாக உள்ள ஓர் ஆபத்தையும் சுட்டவேண்டும். அது தீய நோக்கத்தால் விளைவதன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் நடைபெறும் பட்டக் கற்கைநெறி மீளாய்வில் பல நியதிகள் உள்ளன. கற்றல் சூழல், மாணவர் ஆதரவு, முன்னேற்றம் என்பன அவற்றுள் ஒன்றாக அமைந்துள்ளன. மீளாய்வாளர் ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்பர், கேட்பது முறையே. ஆனால் சான்று கேட்கப்படும் இடத்தில், சான்றுக்காகவே செயல் நிகழ்த்தும் பழக்கமும் தோன்றிவிடுகின்றது. ஆலோசனை வழங்கியதைவிட ஆலோசனை வழங்கியதாகக் கையொப்பம் பெற்றது முதன்மை பெறுகின்றது. மாணவர் எழுந்து சென்றபின் ஆசிரியரின் மனத்தில் எஞ்சுவது அவர் முகமன்று. நிரப்பப்பட வேண்டிய கட்டம். எண்ணக்கூடியது எண்ணப்பட, எண்ண முடியாதது இல்லாததாகிவிடுகின்றது.

சேவையைப் பதிவு செய்க என்னும் கொள்கை இவ்விடத்தும் உதவுகின்றது. எத்தனை பேர் வந்தனர் என்று எழுதுவது எளிது. எத்தனை பேர் வந்து உதவி பெறாது திரும்பினர் என்று எழுதுவது கடினம். எமது பதிவேடுகளில் இரண்டாவது எண்ணும் இடம்பெறுமாயின் அவை நேர்மையான பதிவேடுகள். தனது தோல்வியைக் குறித்துவைக்கத் துணியாத நிறுவனத்துக்கு, மாணவரின் தோல்வியைக் குறித்துவைக்கும் தகுதி இல்லை.

கணனி முறைமை வேண்டாம் என்பது இக்கட்டுரையின் முடிவன்று. ஐந்தாம் கதவைத் தட்டாது சென்ற அம்மாணவரை நினைக்குந்தோறும் அது வேண்டும் என்றே கூறுவேன். ஆனால் குறிப்பெழுதுதல் குறிப்பறிதலுக்குத் துணையாகலாமேயன்றி அதற்கு மாற்றாக முடியாது. இடறக்கூடியவர் எனக் கணனி காட்டும் பெயர், ஒருவரைச் சென்று காண்பதற்கான காரணம். அவரைப் பற்றி அறிந்துவிட்டோம் என்பதற்கான சான்றன்று.

''நான் இப்போது சொல்வது எங்கே போகும்?'' என்ற அந்த வினா எமது ஒவ்வொரு முறைமைக்கும் உரைகல்லாகும். அதற்குத் தெளிவான விடை கூற இயலாத ஆசிரியர் எழுதுகோலை எடுக்கும் முன்னர் சற்றே தாமதித்தல் நன்று. இன்று அம்மாணவி மீண்டும் வந்து கேட்பாராயின், எழுதியதை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, ''இது உங்களுடையது, வாசித்துப் பாருங்கள், இதில் நான் செய்ய வேண்டியதை மட்டுமே எழுதியிருக்கிறேன்'' என்று கூற விரும்புகிறேன். அவ்வாறு திருப்பி வைக்கத் தயங்கும் குறிப்பு எதுவாயினும் அது எழுதப்படாதிருப்பதே நன்று.